ரிட்டிகல வனமடம்

ரிட்டிகல என்பது இலங்கையின் அநுராதபுர மாவட்டத்தில், ஹபரணையிலிருந்து அநுராதபுரம் செல்லும் சாலைக்கு அப்பால் வறண்ட சமவெளியில் தனித்து எழும் 766 மீட்டர் உயர மலையும், அதன் கிழக்குச் சரிவுக் காட்டில் சிதைந்து கிடக்கும் பௌத்தத் துறவியர் மடமும் ஆகும். மகாவம்சம் அரிட்ட மலை எனக் குறிப்பிடும் இம்மலையின் குகைகளில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே துறவிகள் தங்கியிருந்தமைக்கு அங்குள்ள பிராமிக் கல்வெட்டுகள் சான்றாகும்.

இன்று காணப்படும் கட்டடத் தொகுதி பெரும்பாலும் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் படையெடுப்புக்கு ஆளான மன்னன் முதலாம் சேனன், இம்மலையில் பாம்சுகூலிகர்களுக்கு மடம் அமைத்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. பாம்சுகூலிகர் என்போர் குப்பைமேட்டிலும் இடுகாட்டிலும் எறியப்பட்ட துணிகளைத் தைத்து உடுத்தும் கடுநோன்பினர். அவர்களுடைய மடத்தில், பௌத்தத் தலம் என்றதும் நினைவுக்கு வரும் தூபியோ, போதிமரமோ, புத்தர் சிலைக்கூடமோ இல்லை. அவற்றுக்குப் பதிலாக, கல்லால் எழுப்பிய இரண்டு மேடைகளை ஒரு கற்பாலத்தால் இணைத்து அமைத்த தியான இல்லங்களே கல்பாவிய நடைபாதை நெடுகிலும் காணப்படுகின்றன. பாலி மொழியில் இவை பதானகர எனப்படும். இவ்வகை மடங்களில் தூண்களைக்கூடச் செதுக்காமல் விட்ட சிற்பிகள், சிறுநீர் கழிக்கும் கற்களில் மட்டும் மாளிகைகளின் வடிவங்களை நுணுக்கமாகச் செதுக்கியுள்ளனர். செல்வச் செழிப்பில் திளைத்த நகர விகாரைகளை இகழ்வதே இதன் நோக்கம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். துறவிகளின் நகைச்சுவைக்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது அரிது. அடிவாரத்தில் படிக்கட்டுகளுடன் கூடிய பண்டா பொக்குண என்னும் பெருங்குளமும், அதற்கு மேலே வெந்நீர்க் குளியலுக்கான கட்டடமும் உள்ளன. சோழர் படையெடுப்புகளுக்குப் பின்னர்க் கைவிடப்பட்டுக் காட்டில் மறைந்த இவ்விடத்தை 1893இல் தொல்லியலாளர் எச். சி. பி. பெல் ஆய்வு செய்தார்.

மலையடிவாரத்தில் வறள்மண்டலப் பசுங்காடு படர்ந்திருக்க, உச்சியிலோ ஈரமும் குளிரும் நிலவுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், கீழேயுள்ள சமவெளி வெயிலில் காயும்போதும் உச்சியை மூடும் மூடுபனி படிந்து மண்ணை நனைத்துக்கொண்டேயிருக்கும். ஈரமலைநாட்டுக்குரிய தாவரங்கள் இவ்வுச்சியில் தீவுபோலத் தனித்து வளர்கின்றன. சஞ்சீவி மலையை அனுமன் சுமந்து சென்றபோது சிந்திய துண்டே இது என்ற வழக்கும், இங்குள்ள மூலிகைகளின் மீதான மக்கள் நம்பிக்கையும் அவ்வளத்திலிருந்தே தோன்றியிருக்கலாம். 1941இல் சுமார் 1,500 ஹெக்டேர் பரப்புள்ள இக்காடு கடும் இயற்கை ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. ஆய்வுக்காக அனுமதி பெற்றவர் மட்டுமே நுழையக்கூடிய காடு என்பது இதன் பொருள். ஆகவே பயணிகளின் நடை மடத்தின் இடிபாடுகளோடு நின்றுவிடுகிறது.