சக்கரத்துக்குள் சுழலும் குண்டுகள்

புதுவையின் பழைய நிழற்படங்களில் 'புஸ்புஸ்' என்னும் வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியால் திசை திருப்புவார். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அச்சில் எழுந்த உராய்வுக்கு விலை கொடுத்தது அவர்களுடைய வியர்வைதான். மாட்டு வண்டியில் அந்த விலையை மாடுகள் கொடுத்தன. விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து மசகு இட்டாலும், அச்சும் குடமும் ஒன்றோடொன்று வழுக்கித் தேய்வது நிற்பதில்லை.

வழுக்குவதற்குப் பதில் உருளச் செய்தால் உராய்வு பன்மடங்கு குறையும். இதை உணர்ந்து வேல்சு நாட்டுப் பிலிப் வான் 1794-லேயே வண்டி அச்சில் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது பரவவில்லை. 1869-இல் பாரிசு நகரத்துச் சைக்கிள் தொழிலாளியான ழூல் சூரிரே சைக்கிளுக்கேற்ற குண்டுத் தாங்கியைப் பதிவு செய்தார். அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள், பாரிசிலிருந்து ரூவான் வரை ஏறத்தாழ 123 கிலோமீட்டர் நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் முதலில் வந்தார். அவருடைய சைக்கிளில் இருந்தவை சூரிரேயின் தாங்கிகள். அப்போது புதுவையும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது!

ஆனால் ஓர் இடர்ப்பாடு. கையால் கடைந்த குண்டுகள் ஒரே அளவாக இரா. ஒன்று மட்டும் மயிரிழை பெரிதானால் சுமை முழுவதும் அதன்மேல் ஏறும். மற்றவை சும்மா சுற்றும். 1883-இல் செருமனியின் சுவைன்ஃபுர்ட் ஊரைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஃபிஷர், ஒரே அளவான எஃகுக் குண்டுகளைத் திரளாகச் சாணை பிடிக்கும் இயந்திரத்தை அமைத்தார். என் கணிப்பில், கார் யுகத்தின் உண்மையான தொடக்கம் இதுதான். நம்மூர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒரு குண்டு உடைந்தாலும் 'பால்ரஸ்' அத்தனையையும் மாற்றுகிறாரே, ஏமாற்று வேலை அன்று. சுமை இரு மடங்கானால் குண்டுத் தாங்கியின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிறது என்பது 1947-இல் லுண்ட்பெரி, பால்ம்கிரென் என்னும் சுவீடன் நாட்டவர் வகுத்த விதி.

உங்கள் காரிலும் இதே கதைதான். எஃகின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்விரிசல் தோன்றி, பிறகு செதில் செதிலாகப் பெயரும். வேகத்தோடு ஏறும் 'ஊ' என்ற இரைச்சல் அதன் குரல். வலப்பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடினால் இடப்பக்கச் சக்கரத்தை ஐயுறுங்கள். திருப்பத்தில் சுமை அங்கேதான் சாய்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவையை மூழ்கடித்ததே, அத்தகைய வெள்ளத்தில் ஓட்டிய கார்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஓடிச் சூடான ஹப் நீரில் சட்டென்று குளிர, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியே நீரை உறிஞ்சிவிடும். கிரீஸ் கெட்டு எஃகு துருப்பிடிக்கும்.

சோதிப்பது எளிது. சமதரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கு முக்காலியில் காரை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் சஸ்பென்ஷன் மூட்டுகளைப் பாருங்கள். பிறகு கையால் சுழற்றி, சுருள்வில்லில் விரல் வைத்தால் சொரசொரப்பை உணரலாம்.

நட்டால் இறுக்கிச் சரிசெய்யும் கூம்புருளைப் பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாம். உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் புதிதாகவே போடுங்கள். இறுக்கத்தைக் காரின் கையேட்டில் உள்ளபடி வைத்து, நட்டுக்குப் புதுப் பிளவு ஊசி இடுங்கள். அழுத்திப் பொருத்தும் வகைக்குப் பட்டறையின் பிரஸ் தேவை. அங்கும் ஒன்றைக் கவனியுங்கள்: ஹப்பின் துளைக்குள் செலுத்தும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தில் சுத்தியல் விழுந்தால் அடி குண்டுகளின் வழியே போய்த் தடத்தில் பள்ளம் பதிக்கும். எஃகுக் குண்டை அழுத்திப் பள்ளத்தை அளந்து கடினத்தன்மை கண்ட சுவீடனின் பிரினெல் பெயரே அந்தப் பள்ளங்களுக்கும் வழங்குகிறது. அவை பதிந்துவிட்டால் புது பேரிங்கும் முதல் நாளே இரையத் தொடங்கும்.