நிலவறையிலும் மேல் கீழ்!

குண்டுக்கு ஏழை, செல்வர் தெரியாது என்பர். மெய்தான். ஆனால் பதுங்குமிடத்துக்குத் தெரிந்திருந்ததே! லண்டன் மக்களின் நெஞ்சுரத்தை நாம் நிரம்பப் படித்திருக்கிறோம். இதைச் சொல்வார் குறைவு.

1940 செப்டம்பர் 7. ஜெர்மானிய விமானங்கள் லண்டனின் கிழக்குப் பகுதியைத் தீக்கிரையாக்கின. உழைப்பாளர் நெருங்கி வாழ்ந்த ஸ்டெப்னியில் உறுதியான காப்பிடம் அரிது. மேற்கே, சவாய் ஓட்டலின் நிலவறையிலோ சீமான்களுக்குப் படுக்கைகள்!

செப்டம்பர் 14 இரவு, பொதுவுடைமையர் பில் பிராட்டின் முன்னிற்க, பெண்களும் பிள்ளைகளுமாக ஸ்டெப்னி மக்கள் அந்த ஓட்டலுக்குள் நுழைந்தனர். அபாயச் சங்கு ஊதிவிட்டது. இனி வெளியே தள்ளுவது எங்ஙனம்? தேநீரும் கேட்டனர். பேரம் பேசி, எளியோர் கடை விலையான இரண்டு பென்சுக்கே பெற்றனர்!

சுரங்க ரயில் நிலையங்களில் மக்கள் தங்குவதையும் அரசு முதலில் விரும்பவில்லை. மக்களோ பயணச்சீட்டு வாங்கி இறங்கினர்; ஏறிவர மறுத்தனர். செப்டம்பர் 27 இரவு எண்ணியபோது அங்கே 1,77,000 பேர்! பின்னர் அரசே படுக்கைகளும் கழிவிடங்களும் அமைத்துத் தந்தது.

உணவுப் பங்கீட்டு நூல் அரசர் குடும்பத்துக்கும் உண்டு எனப் பெருமை பேசினர். ஓட்டல் விருந்துக்குப் பங்கீடு இல்லை. வேளைக்கு ஐந்து ஷில்லிங் என்ற வரம்பு வந்ததே 1942இல்தான்.

1945 தேர்தலில் ஸ்டெப்னியைச் சேர்ந்த மைல் எண்ட் தொகுதி மக்கள், பிராட்டினை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர்.