வளை இல்லாத ஊரில் முயல்

கொல்லங்கோட்டில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பழைய கதைகள் உண்டு. கறிக்காகக் கூண்டில் வளரும் முயலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அது வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தால் அதிகம். அதற்கு முன்னால் முயல் என்றாலே காட்டு முயல்தான். தென்மலை அடிவாரத்திலும் முதலமடைப் பக்கத்துப் புதர்களிலும் ஓடும், பிடரியில் கறுப்புப் பட்டை கொண்ட முயல். அறுப்பு முடிந்த வயலோரம் வலை கட்டி, புதரைத் தட்டி விரட்டிப் பிடித்த கதைகளை என் மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வேட்டைக்கு முடிவு கட்டியது. நல்லதுதான். ஆனால் நாக்கு அவ்வளவு சீக்கிரம் மறக்காது. வீட்டு முயல் இங்கே நுழைந்தது அந்த ருசியின் நினைவு வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

நான் முதலில் வீட்டு முயலைக் குழம்பு வைத்தபோது மாமியார் ஒரு துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தார். "அம்மிணி, இது முயலில்லெ. கறி கோழியாட்டம் வெள்ளையா இருக்குது பாரு" என்றார். அவர் சொன்னது சரி. காட்டு முயலின் கறி கருஞ்சிவப்பு. அது வளை தோண்டாது. புல்லுக்கு நடுவே குட்டி போடும். குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் ரோமம், கண்ணும் திறந்திருக்கும். வீட்டு முயல் வேறு இனம். மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலின் வாரிசு. அதன் குட்டிகள் ரோமமில்லாமல், கண் மூடிப் பிறக்கும். கண் திறக்கப் பத்து நாளாவது ஆகும்.

அந்த முயலின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும். கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி, புதிதாகப் பிறந்த முயல் குட்டியை விரதநாளில் தின்னலாம் என்று அனுமதித்தார், அதனால் மடத்துத் துறவிகள் அதைப் பழக்கினார்கள் என்று புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2018ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மூல ஏடுகளைத் தேடிப் பார்த்து, அப்படி ஓர் ஆணையே இல்லை என்று காட்டினார்கள். முயல் ஒரே நாளில் வீட்டுக்கு வரவில்லை. நூற்றாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. வளையின் வழக்கம் இன்னும் அதன் உடம்பை விட்டுப் போகவில்லை.

நம் பக்கத்துக்கு அது மலையிலிருந்து இறங்கியது. இடுக்கியின் வட்டவடைக்கு மலைமுகட்டின் மறுபுறம், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் இருக்கிறது. மத்தியச் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கேதான். செம்மறியோடு வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களையும் அங்கே வளர்த்துப் பெருக்கினார்கள். இந்தப் பக்கம் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரியின் பண்ணை. குட்டியும் பயிற்சியும் தேடி நம்மவர்கள் போனது இந்த இடங்களுக்குத்தான்.

மன்னவனூர் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கிற ஊர். கொல்லங்கோடோ பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் காய்வது. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் சூட்டை விடும். வெயில் முற்றினால் ஆண் முயலின் விந்து வலுவிழந்து சினை நிற்காது. பங்குனி, சித்திரையில் சேர்த்துவிட்டு, ஆண் சரியில்லை என்று விற்றவர்கள் இங்கே பலர். சொந்த ஊரில் அந்த முயலைக் காத்தது குளிர்ந்த வளை. நாம் அதைத் தரையிலிருந்து தூக்கிக் கம்பிவலையில் வைத்தோம். புழுக்கை கீழே விழுந்து கூண்டு சுத்தமாக இருந்தது, நோய் குறைந்தது, ஆனால் வளை போய்விட்டது. தகரம் போட்ட கொட்டகையில் முயல்கள் வாய் பிளந்து செத்ததைப் பார்த்த பிறகுதான் பனையோலைக்கு மாறினார்கள். பனைக்கு இந்த ஊரில் பஞ்சமா? ஓலைக்கூரை, மாமர நிழல், மத்தியானம் நனைத்த சாக்கு. இவ்வளவும் அந்த வளையைத் திருப்பிக் கொடுக்கிற வேலைதான்.

குட்டி போடும் பெட்டியும் அப்படித்தான். சினை 31 நாள். 27ஆம் நாள் தேங்காய் நார் போட்டு, இருட்டான மரப்பெட்டி வைத்தால் தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போடும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் தாய் குட்டியை ஒதுக்கிவிட்டது என்று பதறிப்போவார்கள். வளைக்கு அடிக்கடி போய்வந்தால் நரிக்குத் தடம் தெரியுமே. அந்த ஜாக்கிரதை அது.

2014ல் பெரிய அடி விழுந்தது. உணவுப் பாதுகாப்பு விதிகளில் கறிக்கான விலங்குகளின் வரிசையில் முயல் இல்லை என்று அறுப்புக்குத் தடை வந்தது. கேரளத்தில் முயல் வளர்த்தவர்கள் நிறைந்த கூண்டுகளோடு நின்றார்கள். பின்னால் வீட்டு முயல் அந்த விதிகளில் சேர்க்கப்பட்டது. அதற்குள் பலர் கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். குட்டியைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். இதே பேச்சை நம்பி, பெருந்துறையில் 2012ல் ஈமுக் கோழியோடு ஜனங்கள் பட்ட பாடு போதும்.

கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. தென்மேற்கு மழை முடிந்து, ஐப்பசியில் தொடங்குங்கள். இரண்டு பெண், ஒரு ஆண் போதும். ஆணை வேறு இடத்தில் வாங்குங்கள், ரத்த உறவு கலக்கக் கூடாது. பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் சண்டை. கல்யாண முருங்கை, வேலிமசால், பலா இலை கொடுக்கலாம். பனி ஈரத்தோடு புல் போட்டால் வயிறு ஊதும். மூன்று, நான்கு மாதத்தில் இரண்டு கிலோ வரும். முதல் ஈற்றை விற்க ஆள் தேடாதீர்கள், வீட்டுக்குச் சமையுங்கள். கூரையை மட்டும் குட்டி வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.