ஐதராபாத் சமஸ்தானத்தில் இருப்புப்பாதையும் ஆங்கிலேய மேலாண்மையும்

முன்னுரை

ஐதராபாத்தின் கிழக்குப் பகுதியாகிய மல்லாபூருக்கு அருகே, மௌலா அலி நிலையம் வழியாகச் செகந்திராபாத் – காசிப்பேட்டை இருப்புப்பாதை செல்கிறது. நிஜாம் ஆட்சியில் அமைந்த இப்பாதையின் வரலாறு, ஆங்கிலேயர் நேரடியாக ஆளாத ஒரு நாட்டில் அவர்தம் அரசியல் செயற்பட்ட முறையைத் தெளிவுபடுத்துகிறது.

பொருள் நிஜாமுடையது

1870ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, திவான் சாலார் ஜங் காலத்தில், நிஜாம் அரசின் பொருட்செலவில் வாடி – செகந்திராபாத் பாதை அமைக்கப்பெற்று 1874இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு முனை பம்பாய் – சென்னைப் பெருவழியோடு இணைந்தது. மறுமுனை ஆங்கிலேயப் படை தங்கியிருந்த பாளையம். தலைநகரின் வணிகம் பயனடைந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் பாதை சென்ற திசையே ஆங்கிலேயரின் படைத்தேவையைப் புலப்படுத்துகிறது.

உத்தரவாத ஒப்பந்தம்

1883 பிப்ரவரியில் சாலார் ஜங் மறைந்தார். நிஜாம் மகபூப் அலிகானோ அப்போது ஆட்சிப்பொறுப்பு ஏற்காத இளைஞர். இவ்விடைவெளியில் இலண்டனில் நிறுவப்பெற்ற குழுமத்திடம் இருப்புப்பாதையை ஒப்படைக்க முடிவாயிற்று. முதலீட்டின்மீது 20 ஆண்டுகளுக்கு 5 விழுக்காடு வட்டிக்கு நிஜாம் அரசு உறுதியளித்தது. வருவாய் குறைந்தால் ஈடுசெய்ய வேண்டியது சமஸ்தானக் கருவூலம். நிருவாகம் இலண்டன் குழுமத்தினுடையது. இழப்பு ஓரிடத்தும் அதிகாரம் வேறிடத்துமாக அமைந்தமையே இவ்வொப்பந்தத்தின் இயல்பு எனலாம்.

எதிர்ப்பு

சாந்தா வரை பாதையை நீட்டிக்கும் திட்டம் 1883இல் வெளியானபோது, அதன் விவரங்களை மக்கள் அறிய வேண்டுமென அகோரநாத் சட்டோபாத்தியாய, முல்லா அப்துல் கய்யூம் முதலியோர் முயன்றனர். கல்லூரி முதல்வரும் சரோஜினி நாயுடுவின் தந்தையுமாகிய அகோரநாத் பதவி நீக்கப்பெற்று நாடுகடத்தப்பட்டார். கருவூலப் பொருள் குறித்து வினவியதே குற்றமாயிற்று. ஐதராபாத்தின் பொது அரசியல் விழிப்புக்கு இந்நிகழ்ச்சி தொடக்கங்களுள் ஒன்றாகும்.

அவ்வினா பொருளற்றதன்று என்பதைப் பின்னிகழ்வுகள் காட்டின. பாதை 1886இல் வாரங்கலையும் 1889இல் பெசவாடாவையும் அடைந்தது. சிங்கரேணி நிலக்கரி சந்தைக்கு வந்தது. இதற்கிடையே சுரங்க உரிமை வழங்கியதில் எழுந்த முறைகேட்டை 1888இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவே ஆராய நேர்ந்தது. இருப்புப்பாதைப் பேச்சிலும் பங்குகொண்ட அதிகாரி அப்துல் ஹக் அவ்வாண்டில் பதவியிழந்தார்.

முடிவுரை

1929இல் காசிப்பேட்டை – பலார்ஷா பாதை முடிந்தபின், சென்னைக்கும் தில்லிக்கும் நேர்வழி உண்டாயிற்று. 1930இல் நிஜாம் அரசு இருப்புப்பாதையை விலைக்கு வாங்கியது. தன் மண்ணில் தன் உறுதியால் வளர்ந்த ஒன்றைப் பெற, அவ்வரசு மீண்டும் பொருள் கொடுக்க வேண்டியிருந்தது. சமஸ்தானத் தன்னாட்சியின் எல்லையை இச்செய்தி ஒன்றே அளந்து காட்டுகிறது.