பெர்சியசுக் கொத்து

பெர்சியசுக் கொத்து அல்லது அபெல் 426 என்பது பெர்சியசு விண்மீன் குழாமின் திசையில், புவியில் இருந்து சுமார் 24 கோடி ஒளியாண்டுகள் தொலைவில் அமைந்துள்ள ஒரு பேரடைக் கொத்து ஆகும். ஆயிரக்கணக்கான பேரடைகள் இதில் ஈர்ப்பு விசையால் பிணைந்துள்ளன. ஊடுகதிரில் (எக்சு-கதிர்) வானில் மிகப் பொலிவாகத் தெரியும் பேரடைக் கொத்து இதுவே.

வெப்ப வளிமம்

கொத்து எனப்பட்டாலும், இதன் இயல்பான பொருளில் பேரடைகளின் பங்கு சிறிதே. அவற்றின் இடைவெளியில் பரவியுள்ள வளிமத்தின் நிறை, அனைத்து விண்மீன்களின் நிறையைவிடப் பல மடங்கு அதிகமாகும். கொத்தின் ஈர்ப்பில் விழுந்து சூடேறிய இவ்வளிமத்தின் வெப்பநிலை மையத்தில் சுமார் 3 கோடி கெல்வின். வெளியே அதனினும் கூடுதல். 1976 இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் இதில் இரும்பின் நிறமாலைக் கோட்டைக் கண்டறிந்தது. இரும்பு விண்மீன்களில் உருவாவது என்பதால், இவ்வளிமத்தின் ஒரு பகுதி பேரடைகளில் இருந்து வெளியேறியது என்பது தெளிவாயிற்று.

குளிராத மையம்

ஊடுகதிரை உமிழும் வளிமம் ஆற்றலை இழக்கிறது. கணக்கின்படி மைய வளிமம் 100 கோடி ஆண்டுகளுக்குள் குளிர்ந்து, பெருமளவில் புதிய விண்மீன்களாகியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மையப் பேரடையான என்.ஜி.சி. 1275 இல் உள்ள பெருங்கருந்துளையே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அதன் தாரைகள் வளிமத்தில் பெரும் குமிழிகளை ஊதுகின்றன.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கியின் படிமங்களில், இக்குமிழிகளில் இருந்து பரவும் அலைகளை ஆண்ட்ரூ ஃபேபியன் குழுவினர் கண்டனர் (2003). இவை ஒலி அலைகள். விண்வெளியில் ஒலி இல்லை என்பர். ஆனால் வளிமம் உள்ள இடத்தில் அதற்குத் தடையில்லை. ஓர் அலைவிற்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆகும். பியானோவின் நடுச் 'சி' சுரத்திற்கு 57 ஸ்தாயி கீழுள்ள இதனை எச்செவியாலும் கேட்க இயலாது.

இட்டோமி

வளிமம் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதை நேரடியாக அளந்தது சப்பானின் இட்டோமி விண்கலம். 2016 பெப்ரவரி 17 இல் ஏவப்பட்ட அது, மார்ச் 26 இல் கட்டுப்பாடின்றிச் சுழன்று உடைந்தது. அதற்குள் பெற்ற பதிவுகளில், மையப்பகுதியில் கொந்தளிப்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் எனத் தெரிந்தது. எதிர்பார்த்ததைவிட அமைதியான வளிமம் இது. கொந்தளிப்பின் அழுத்தம் வெப்ப அழுத்தத்தில் சுமார் 4 விழுக்காடு மட்டுமே. ஆகவே கருந்துளையின் ஆற்றல் மையத்தில் இருந்து வெகுதூரம் எவ்வாறு பரவுகிறது என்ற கேள்வி மேலும் கடினமாயிற்று. இட்டோமியின் கருவியை ஒத்த கருவியுடன் எக்சுரிசம் விண்கலம் 2023 செப்டம்பரில் ஏவப்பட்டது.