பிறந்த ஆண்டு பொறித்த கத்திகள்

சட்டைப்பையில் அடங்கும் சிறு மடக்குக் கத்திக்குத் தமிழில் பேனாக்கத்தி என்று பெயர். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று இன்றைய மாணவன் கேட்டால், பதில் சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பறவையின் இறகைச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதிய காலத்தில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் சிறு கத்தி ஒன்று கட்டாயம் இருந்தாக வேண்டும். நுனி மழுங்க மழுங்கச் சீவிக்கொள்ள வேண்டுமல்லவா? ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் அப்படியே நம்மிடம் வந்து தங்கிவிட்டது. இறகு போயிற்று, உலோக முள் வந்தது, பிறகு பந்துமுனை வந்தது. கத்தி மட்டும் பழைய பெயரை விடாமல் பென்சில் சீவிக்கொண்டும் மாங்காய் நறுக்கிக்கொண்டும் இருந்தது.

வேலைக்காகப் பிறந்த கருவி இது. வேலை செய்யச் செய்யத் தேயும். தேய்ந்தது விலை குறையும். இதுதான் இயல்பு. ஆனால் இன்று ஐக்கிய அமெரிக்காவில், புதிதாக வெளியாகும் மடக்குக் கத்திகளைக் காத்திருந்து வாங்குவதும், சில வாரங்கள் பயன்படுத்தி (அல்லது பெட்டியை விட்டு எடுக்காமலேயே) மறுபடி விற்பதும் ஒரு தனி உலகமாக வளர்ந்துள்ளது. அங்கே ஒரு கத்தி எதையும் வெட்டவில்லை என்பதே அதன் மிகப் பெரிய தகுதி. கருவி ஒன்று சும்மா இருப்பதற்காக விலை பெறத் தொடங்கியது எப்போது? இதற்கான விடை, உழுந்தளவு கூட இல்லாத சில புள்ளிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கத்தியைக் கைமாற்றுவது பழைய பழக்கம்தான். மார்க் ட்வெய்ன் 1876-இல் வெளியிட்ட டாம் சாயர் நாவலை வாசித்தவர்களுக்கு வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் அத்தியாயம் மறந்திருக்காது. தன் வேலையைச் செய்யும் பாக்கியத்தை மற்றச் சிறுவர்களுக்கு விற்று டாம் சேர்க்கும் செல்வங்களில் ஒரு கத்தியின் கைப்பிடியும் உண்டு. அலகு கிடையாது, வெறும் கைப்பிடி. அதற்கும் ஒரு மாற்று மதிப்பு இருந்தது! அதே நாவலில், வேதாகம வசனங்களை மனப்பாடம் செய்ததற்குப் பரிசாக அவனுக்குப் பன்னிரண்டரை சென்ட் விலையுள்ள பார்லோ கத்தி கிடைக்கிறது. கைப்பிடியின் தலைப்பில் நீண்ட இரும்புப் பூண் போட்ட எளிய கத்தி அது. அந்தக் கத்தி எதையும் வெட்டாது என்கிறார் ட்வெய்ன். ஆனாலும் அது அசல் பார்லோ, அதில் அடங்கியிருக்கும் பெருமையைச் சொல்லி முடியாது. இவ்வளவு மட்டமான பொருளுக்குப் போலி செய்து அதன் பெயரைக் கெடுக்க முடியும் என்ற நினைப்பு இந்தச் சிறுவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் வியக்கவும் செய்கிறார். சேகரிப்பவனின் மனத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேலியை நான் வாசித்ததில்லை.

அசல் எது, போலி எது என்ற கேள்வி ஷெஃபீல்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் அந்தக் கத்தி நகரத்தில் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே கத்தித் தொழிலாளர் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. தேர்ந்த கைவினைஞர் ஒவ்வொருவரும் தமக்குரிய முத்திரையை அங்கே பதிவு செய்துகொள்வார். அலகின் அடிப்பகுதியில் குத்தப்பட்ட அந்த முத்திரை, இதைச் செய்வித்தவர் யார் என்று சொல்லும். எப்போது செய்யப்பட்டது என்று சொல்லாது. (சாணைக்கல்லில் குனிந்து அலகைத் தேய்த்தவனின் பெயரையும் அது சொல்லாது. நீர் ஊற்றாமல் உலர்ந்த கல்லில் சாணை பிடித்தவர்கள் நுரையீரலில் தூசி படிந்து சராசரியாக 35 வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்ததை 1845-இல் எங்கெல்ஸ் பதிவு செய்திருக்கிறார்.) வெட்டுவதற்கன்றிக் காட்டுவதற்காகவே செய்த கத்திகளும் அங்கே இருந்தன. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-இல் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, ஆண்டுக்கொரு அலகைச் சேர்த்துக்கொண்டு வந்தது. 1851-இன் உலகக் கண்காட்சிக்கென்று 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட நார்ஃபோக் கத்தி செய்யப்பட்டது. இவை கோயில் தேர் போன்றவை. யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில்லை, எனவே சாதாரணக் கத்தியின் கதை இவற்றால் மாறிவிடவில்லை.

மாற்றம் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் நடந்தது. டபிள்யூ. ஆர். கேஸ் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் அங்கே 1905 முதல் மடக்குக் கத்திகள் செய்துவந்தது. விவசாயிகளும் கால்நடை வளர்ப்போரும் இரும்புச் சாமான் கடைகளில் வாங்கும் கத்திகள் அவை. கைப்பிடி எலும்பாலோ மான்கொம்பாலோ ஆனது; முதுகில் ஒரு வில்; திறக்க நகக்கண் பதியும் ஒரு வெட்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் உண்டு. 6318 என்று அலகில் பொறித்திருந்தால், 6 என்பது செதுக்கு வேலை செய்த எலும்புக் கைப்பிடி, 3 என்பது மூன்று அலகுகள், 18 என்பது வடிவத்தின் எண். பொறித்தவர்கள் கணக்கு வைக்கத்தான் பொறித்தார்கள். சேகரிப்பவர்களோ அதை ஒரு மொழியாகவே கற்றுக்கொண்டார்கள்.

1940 முதல் 1964 வரை கேஸ் கத்திகளின் அலகடியில் நிறுவனத்தின் பெயரும் இரண்டு எக்ஸ் எழுத்துகளும் இருந்தன. 1965-இல் அதற்குக் கீழே யு.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்து சேர்ந்தது. 1970-இல் அந்த எழுத்துகளுக்கும் கீழே பத்துப் புள்ளிகள் தோன்றின. 1971-இல் ஒன்பது, 1972-இல் எட்டு. இப்படி ஆண்டுக்கொரு புள்ளி உதிர்ந்து 1979-இல் ஒன்று மிஞ்சியது. 1980-இல் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள்.

இந்தப் புள்ளிகள் செய்த வேலை அசாதாரணமானது. அதுவரை ஒரு கத்தி இன்னொரு கத்தியைப் போலவே இருந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஆண்டு கிடைத்தது. ஒரே எஃகு, ஒரே எலும்பு, ஒரே வில். புள்ளி மட்டும் ஒன்று குறைவு. அதற்காக அதே கத்தியைப் பத்து முறை வாங்க ஒருவனுக்குக் காரணம் பிறந்துவிட்டது. வரிசை என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பாமல் மனித மனம் அமைதி கொள்வதில்லை, தபால்தலை சேர்த்தவர்களுக்கு இது தெரியும். இன்னொன்றும் நேர்ந்தது. புள்ளி வந்த அன்றே, புள்ளி இல்லாத கத்திகள் இனிமேல் பிறக்க முடியாதவை ஆயின. நேற்றுவரை கடைப்பலகையில் தூசி படிந்து கிடந்தவை ஒரே நாளில் முடிந்துபோன ஒரு காலத்தின் எச்சங்களாக மாறின. சேகரிப்பாளர்கள் சிற்றூர்க் கடைகளில் ஏறி இறங்கிப் பழைய முத்திரைக் கத்திகளைத் தேடினார்கள்.

1972-இல் தேசியக் கத்திச் சேகரிப்பாளர் சங்கம் உருவாயிற்று. முத்திரைகளின் பட்டியல்களும் விலைக் கையேடுகளும் அச்சாயின. தொடர் எண் பொறித்து, பெட்டியில் அடைத்து, பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே வெளியிடப்பட்ட நினைவுக் கத்திகளும் அந்தப் பத்தாண்டில்தான் பெருகின. நாட்டின் 200-ஆம் ஆண்டு நிறைவு 1976-இல் வந்தது கத்தி நிறுவனங்களுக்கு நல்ல சாக்கு. கூடவே, பழைய முத்திரையைப் புதிதாகக் குத்தும் போலிகளும் வந்தன. ட்வெய்ன் கேலி செய்த போலி இப்போது உண்மையாகவே தேவைப்பட்டது.

இங்கே இழந்தது எது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு விவசாயி 30 ஆண்டுகள் வைத்திருந்த கத்தி எப்படி இருக்கும்? வாரந்தோறும் தீட்டித் தீட்டி அலகு பாதியாகக் குறுகியிருக்கும். கருத்த எஃகில் ஆப்பிளும் புகையிலையும் கன்றுக்குட்டியின் காதும் விட்ட கறைகள் படிந்திருக்கும். எலும்புக் கைப்பிடி உள்ளங்கை வடிவத்துக்கு வழுவழுப்பாகியிருக்கும். அதன் சரித்திரம் முழுவதும் அதன் உடம்பிலேயே எழுதப்பட்டுள்ளது. விலைக் கையேட்டின் கணக்கில் அது குப்பை. முழு அலகு மிச்சமிருக்கிறதா, ஒரு முறையேனும் தீட்டப்பட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. முத்திரைக்கு வரலாறு உண்டு. கத்திக்கு வரலாறு இருக்கக் கூடாது.

அடுத்த மாற்றம் கத்தியின் உடம்பில் நிகழ்ந்தது. கொலராடோ மாநிலத்து ஸ்பைடெர்கோ நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கத்தியின் அலகில் ஒரு வட்டத் துளை இருந்தது. கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே திறந்துவிடலாம். பக்கவாட்டில் ஓர் உலோகக் கவ்வி. அதைக் காற்சட்டைப் பையின் விளிம்பில் செருகிக்கொள்ளலாம். அதுவரை சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையின் அடியில் உருண்டுகொண்டிருந்த பொருள் மேலே ஏறி வந்து, பிறர் பார்வைக்குத் தெரிந்தது. அந்தக் கத்தியின் பெயர் என்ன தெரியுமோ? தொழிலாளி.

இந்தப் பெயர் விசித்திரம் இத்தோடு முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்துவந்த கிறிஸ் ரீவ் என்பவர் 1989-இல் அமெரிக்காவில் குடியேறி ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் பட்டறை வைத்தார். அவர் 1987-இல் உருவாக்கிய மடக்குக் கத்தி பிற்காலத்தில் இத்துறையின் அளவுகோலாயிற்று. இரண்டு டைட்டேனியத் தகடுகள். ஒரு தகட்டிலேயே கீறி வளைத்த ஒரு கரம், அலகு திறந்ததும் உள்ளே வந்து அதன் பின்புறத்தில் முட்டி நிற்கும். தனிப் பூட்டு கிடையாது, உடம்பே பூட்டு. இன்று எண்ணற்ற நிறுவனங்கள் இந்த அமைப்பைக் கையாளுகின்றன. அக்கத்தியின் பெயர் செபென்சா. ஜூலு மொழியில் வேலை செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்ளப் பெட்டியிலேயே திருகுச் சாவியும் வைத்துக் கொடுத்தார், உழைக்கட்டும் என்று. உலகமோ அதன் விலை விழுவதில்லை என்பதைக் கண்டுகொண்டு பூட்டி வைத்தது. இவ்வாறு வெளிச்சமே படாத கத்திகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் 'பெட்டக ராணி' என்று கேலியாகச் சொல்வார்கள். செபென்சாவுடன் ஒரு சிறு அட்டையும் வரும். அதில் அந்தக் கத்தி செய்து முடிக்கப்பட்ட தேதி இருக்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பிறப்பு அட்டை. பிராட்ஃபோர்டின் புள்ளிகள் இங்கே முழுத் தேதியாகவே வளர்ந்துவிட்டன.

புள்ளியின் வேலையை இப்போது எஃகின் பெயரும் செய்கிறது. உலோகத்தைத் தூளாக்கி மறுபடி இறுக்கிச் செய்யும் எஃகு வகைகளில் எஸ்30வி என்பது 2001-இல் வந்தது. அதை உருவாக்கியதில் ரீவுக்கும் பங்குண்டு. 2021-இல் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்த மேக்னாகட் வந்தது. துருவும் பிடிக்காமல், எளிதில் விள்ளாமலும் இருப்பது அதன் சிறப்பு. ஒவ்வொரு முறையும் பழைய வடிவமே புதிய எஃகில், புதிய நிறக் கைப்பிடியில், குறைந்த எண்ணிக்கையில் மறுபடி வெளியாகிறது; சில நிமிடங்களில் விற்றுத் தீர்கிறது; மறுநாள் கூடுதல் விலைக்குக் கைமாறுகிறது. அட்லாண்டாவில் ஆண்டுதோறும் நடக்கும் கத்திக் கண்காட்சியில் கைவினைஞர்கள் சிலர், கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் குலுக்கல் முறையில் வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். (எஸ்30வி, மேக்னாகட் இரண்டையும் வார்த்த குரூசிபிள் ஆலை 2024 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. கத்திகளின் மறுவிற்பனை விலையைக் கண்ணிமைக்காமல் கவனிப்பவர்களுக்கு எஃகு ஆலையின் நிலை எவ்வளவு தெரிந்திருந்தது என்பது வேறு கதை.)

ஆயினும், வாங்கி விற்பவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமாகாது. அவர்களுள் ஒரு வகையினர் எனக்கு உவப்பானவர்கள். புதுக் கத்தி வந்ததும் வாங்குவார்கள். இரண்டு மாதம் பையில் சுமந்து, அட்டைப்பெட்டி கிழித்து, கயிறு அறுத்து, ஆப்பிள் சீவி, கல்லில் ஒரு முறை தீட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறைத்து விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார்கள். பாடப்புத்தகத்தைப் படித்து முடித்துப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் மாணவனின் கணக்குதான் இது. குறைந்த அந்தத் தொகை, ஒரு பொருளை அறிந்துகொண்டதற்கான வாடகை. விற்கும்போது மூன்று கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்: பையில் சுமந்தாயா, எதையாவது வெட்டினாயா, தீட்டினாயா? மூன்றுக்கும் ஆம் என்றால் விலை மூன்று படி இறங்கும். ஆம் என்று கூசாமல் சொல்பவனுக்குத்தான் அந்தக் கத்தியைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும். மூன்றுக்கும் இல்லை என்பவன் விற்பது ஒரு பெட்டியை.

பாய்சி பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பல ஆண்டுகள் உழைத்துக் கீறல் விழுந்த கத்தியை அனுப்பி வைத்தால், கழற்றிக் கழுவி, தகடுகளின் மேற்பரப்பைப் புதுப்பித்து, அலகைத் தீட்டித் திருப்பி அனுப்புவார்கள். அலகு தேய்ந்துவிட்டிருந்தால் கட்டணம் பெற்றுக்கொண்டு புதிய அலகே பொருத்தித் தருவதும் உண்டு. அப்படித் திரும்பி வந்த கத்தியை விற்கும்போது, அலகு மாற்றியதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது வாங்குவோர் எதிர்பார்ப்பு. பிறப்பு அட்டையில் பழைய தேதியே இருக்கும்.