முனை வரை ஒரு சாலை: இராமேசுவரம் தீவின் கிழக்குப் பாதை, சத்திரம் முதல் சரணாலயம் வரை

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் சாலையின் இரு பக்கமும் கடல்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ள மீனவர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். முன்னது சாந்தமாகக் கிடக்கும், பின்னது இரைந்துகொண்டே இருக்கும் என்பது பொதுவான விளக்கம். ஆனால் அவர்களிடம் சற்று நேரம் பேசினால் வேறொன்றும் தெரியவரும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண்கடல் பொங்கும். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் ஆண்கடலின் முறை. ஆக, நடுவில் கிடக்கும் மணல்திட்டுக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து அடி விழுந்துகொண்டிருக்கும். அந்தத் திட்டின் மேல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குப் போட்ட தார்ச்சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இவ்வளவு அழகான சாலை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பலவீனமான தரையில் கிடக்கும் சாலையும் வேறில்லை.

இந்தத் தீவின் கிழக்குப் பாதை யாருக்காக, எதற்காக உருவானது, அதை யார் எப்படிப் பராமரித்தார்கள் என்பதை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் சொல்ல வருவது இதுதான்: நூற்றாண்டுகளாக இது எங்கோ போய்ச் சேர்வதற்கான வழியாக இருந்தது. 2017க்குப் பிறகுதான் வழியே காட்சியாகி, அதன் கடைசிப் புள்ளியே போகும் இடமானது. நிர்வாக முறை மட்டும் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறது.

சத்திரங்களின் காலம்

முகுந்தராயர் சத்திரம் என்ற ஊர்ப்பெயரே ஒரு வரலாற்று ஆவணம். இராமநாதபுரம் சேதுபதிகளின் பட்டப்பெயருக்கு அடிப்படையே சேதுவைக் காப்பது. வட நாட்டிலிருந்தும் தென் நாட்டிலிருந்தும் சேதுவில் நீராட வந்தவர்களுக்கு வழித்துணை, படகு, சோறு, தண்ணீர், படுக்க இடம் எல்லாம் கிடைக்கச் செய்வது அவர்களின் ஆட்சிக் கடமையாக இருந்தது. வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. அவை நின்று நடக்க ஊர்களின் வருவாய் மானியமாக எழுதி வைக்கப்பட்டது. எஸ்.எம். கமால் தொகுத்து ஆராய்ந்த சேதுபதிகளின் செப்பேடுகளில் இத்தகைய அறக்கொடைகளைக் காணலாம்.

இதைப் பக்தியின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். வழி நிர்வாகத்தின் வரலாறாகவும் படிக்கலாம். ஒரு சத்திரம் கட்டுவதற்கு முன் அங்கே குடிக்கத் தண்ணீர் உண்டா என்று பார்த்தாக வேண்டும். அதில் பொங்கும் சோற்றுக்கு எந்த ஊரின் விளைச்சல் என்று முடிவு செய்தாக வேண்டும். வருகிறவர்களால் ஆகும் செலவும் அதை ஈடுகட்டும் வருவாயும் ஒரே செப்பேட்டில் வந்துவிடும். இன்றைய சுற்றுலாத் திட்டங்கள் பலவற்றில் இந்த இரண்டும் ஒரே தாளில் இருப்பதில்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சாலையின் வழியில் உள்ள தனுஷ்கோடி மணலில் இன்றும் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல். நடுவே சில அடி ஆழத்தில், மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஒரு சிரட்டையால் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ, மொத்தமாக இறைத்தாலோ கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும்; அந்த ஊற்று கெட்டுவிடும். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு வேகத்தில் எடுக்கலாம் என்பது அந்தப் பெண்களுக்குக் கைப்பழக்கம். இந்தத் தீவின் தாங்குதிறனை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை.

தண்டவாளத்தின் காலம்

1911இல் தொடங்கிய பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 2 கிலோமீட்டர் நீளம். நடுவே கப்பல் போகக் கையால் சுழற்றித் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். இங்கே கவனிக்க வேண்டியது தண்டவாளம் போன திசை. முதன்மைப் பாதை பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனது. இராமேசுவரம் கிளைப்பாதை மட்டுமே. ஏனென்றால் ஆங்கிலேயரின் இலக்கு கோயில் அல்ல, இலங்கை. எழும்பூரில் போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்பு ரயிலைப் பிடிக்கலாம். தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் எல்லாம் வந்தன. அந்த ஊர் கப்பலுக்கும் ரயிலுக்கும் இடையே காத்திருப்பவர்களை வைத்து வளர்ந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அது முடிந்தது. இலங்கையைக் கடந்து வந்த புயலின் அலை தனுஷ்கோடியை மூடியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் கடலுக்குள் போனது. யாரும் பிழைக்கவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் சீரமைத்தார்கள். இந்தச் சாதனையைப் பலரும் அறிவார்கள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மட்டும் மீண்டும் போடவில்லை என்பதும் அதே அளவு முக்கியமான முடிவு. ஒரு பாதை எங்கே நிற்க வேண்டும் என்று இந்தத் தீவில் முதன்முதலாக எடுத்த முடிவு அது.

இரண்டாவது பாடம் பாம்பன் பாலத்திலேயே இருந்தது. பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியைச் சிக்னலோடு இணைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். ஓட்டுநர் துணிச்சல்காரரா, பயணிகள் அவசரப்படுகிறார்களா, மேலதிகாரி என்ன சொல்வார் என்ற கேள்விகளுக்கே அங்கே இடமில்லை. 653ஆம் ரயிலை நினைத்துப் பார்த்தால் அந்த ஓர் எண்ணின் மதிப்பு புரியும்.

சாலையின் காலம்

1988இல் திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் தீவுக்குள் பேருந்தையும் காரையும் கொண்டுவந்தது. 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தப் பாலத்தைக் கட்டி முடிக்க 14 ஆண்டுகள் ஆயின. அது இராமேசுவரம் நகரை மாற்றியது. தனுஷ்கோடியைத் தொடவில்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு வண்டித்தடம் முடிந்தது. அதற்கப்பால் மணலிலும் ஆழமற்ற நீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்கள் மட்டுமே. அவற்றில் மீன் கூடைகளும் போகும், பயணிகளும் போவார்கள். பயணம் உடம்பை உலுக்கும். ஆனால் எத்தனை பேர் முனைக்குப் போகலாம் என்பதை அந்த மணலும் வேன்களும் ஏதோ ஒரு வகையில் கட்டுப்படுத்தின. கூலி உள்ளூரில் தங்கியது.

2017இல் தார் போட்டதும் அந்த வடிகட்டி போய்விட்டது. இப்போது சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கிளம்பும் காரில் இருந்தபடியே முனையின் வட்டம் வரை போய், அசோகத் தூணைச் சுற்றித் திரும்பலாம். பழைய தேவாலயச் சுவர் எதிரே இறங்கிப் படம் எடுக்கலாம். மீனவக் குடும்பங்கள் சாலையோரம் சங்கு, சிப்பி, வறுத்த மீன் விற்கின்றன. பல வீடுகளுக்கு அந்த வருமானம் கடல் வருமானத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சாலை வந்திருக்கவே கூடாது என்று அவர்கள் முன்னால் நின்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் அந்த எண்ணம் இல்லை. நோயாளியை மணலில் தூக்கிக்கொண்டு நடந்த காலத்தை மறந்துவிட்டு அழகைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

சாலை தரைக்கு என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மணல்திட்டு நிலையாக நிற்கும் தரை அல்ல. நீரோட்டமும் காற்றும் மணலைக் கொண்டுவருவதும் எடுத்துப்போவதுமாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இராவணன் மீசை என்ற முட்புல்லும் அடும்புக்கொடியும் வேர்விட்டு அந்த மணலைப் பிடித்து வைக்கின்றன. காற்றில் வரும் மணல் புல்லில் சிக்கி மேடாகும்; மேடு அலையைத் தடுக்கும். சாலையும் அதைக் காக்கக் கம்பிவலைக்குள் அடுக்கிய கற்களும் மணலின் இந்தப் போக்குவரத்துக்குக் குறுக்கே நிற்கின்றன. கச்சான் காலத்தில் தார் மேல் மணல் ஓடிக் குவிவதைப் பார்த்திருக்கிறேன். சாலையைச் சுத்தம் செய்ய அதை அள்ளி ஓரத்தில் போடுகிறார்கள். சாலை ஓரத்தில் நிறுத்தும் ஒவ்வொரு காரின் சக்கரமும் அந்த மணலைப் பிடித்து வைக்கும் புல்லின் மேல்தான் ஏறுகிறது.

ஜனவரி முதல் மே வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். வனத்துறையினர் விடியுமுன் கரையோரம் நடந்து, ஆமையின் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். இயற்கையில் அது கடலின் பக்கம். சாலையில் விளக்கு எரிந்தால் குஞ்சு சாலைக்கு வரும். குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. சாலையோரக் கடற்கழியின் ஆழமற்ற நீரில் அவை தலைகீழாக அலகை நுழைத்து மேயும்போது தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு மட்டும் தெரியும். ஒரு கார் கதவு ஓங்கிச் சாத்தப்பட்டால் அந்தக் கோடு கலைந்து எழும். 2023-24 ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பில் இப்பகுதியில் 128 இனங்களைச் சேர்ந்த 10,700க்கும் மேற்பட்ட பறவைகள் பதிவாயின. 2025 ஜூன் 5 அன்று 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தெற்கே 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இலிருந்தே இருக்கிறது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அந்த 21இல் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், நீருக்குள் போய்விட்டன. இந்தக் கடலில் ஒரு தீவு காணாமல் போவது கற்பனை அல்ல.

ஒரு தூரத்துச் சகோதரன்

இதே கதை உலகில் இன்னோர் இடத்தில் அச்சுஅசலாக நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தென்முனையில் தீவுச்சரம் ஒன்று உண்டு. ஹென்றி ஃப்ளாக்ளர் கடலின் மேல் போட்ட ரயில் பாதை 1912இல் கீ வெஸ்ட் தீவை எட்டியது. அங்கிருந்து கப்பலில் கியூபாவின் ஹவானாவுக்குப் போகலாம். 1935 செப்டம்பர் 2 அன்று வந்த சூறாவளியில் பாதை அழிந்தது. மீட்புக்குச் சென்ற ரயிலே தடம் புரட்டப்பட்டது. 1938இல் பழைய ரயில் பாலங்களின் மேலேயே சாலை போட்டார்கள். நமக்கு 53 ஆண்டுகள், அவர்களுக்கு 3 ஆண்டுகள்.

அவர்கள் அவசரப்பட்டுத் திறந்தார்கள், பிறகு வருந்தித் திருத்தினார்கள். 1975இல் அந்தத் தீவுகளை மாநிலத்தின் சிறப்புக் கவனத்துக்குரிய பகுதியாக அறிவித்தார்கள். சூறாவளி எச்சரிக்கை வந்தால் குடியிருப்போர் 24 மணி நேரத்துக்குள் ஒரே சாலையில் வெளியேற முடிய வேண்டும் என்ற கணக்கைக் கொண்டு, ஆண்டுக்கு எத்தனை வீடு கட்டலாம் என்று வரம்பு வைத்தார்கள். அங்கே மட்டும் வாழும் குட்டிமான் இனத்துக்காக ஒரு தீவில் பகலுக்கு ஒரு வேகவரம்பு, இரவுக்கு அதைவிடக் குறைந்த வரம்பு. சாலைக்கடியில் மான் கடக்க வழி. அந்த முறையிலும் குறைகள் உண்டு, வீட்டு விலை ஏழைகளைத் துரத்தியது. ஆனாலும் வெளியேறும் நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்கினார்களே, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அரிச்சல்முனைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு விடுமுறை மாலையில் முனையில் 600 வண்டிகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே தடத்தில், தடங்கல் எதுவும் இல்லாமல், 4 நொடிக்கு ஒன்றாக நிமிடத்துக்கு 15 வண்டி கிளம்பினால் கடைசி வண்டி நகரவே 40 நிமிடம். வட்டத்தில் திரும்பும் பேருந்து, குழந்தையைத் தேடும் தாய், மணலில் புதைந்த ஒரு சக்கரம், இவற்றைச் சேர்த்தால் இரு மடங்கு. அதன்பிறகு 9.5 கிலோமீட்டர். கடல் கொந்தளிக்கும்போதும் புயல் எச்சரிக்கையின்போதும் காவல்துறை தனுஷ்கோடிக்குத் தடை விதிப்பது உண்மை. பலமுறை உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது அதிகாரிகள் அன்றன்று எடுக்கும் முடிவு. பழைய ரயில் பாலத்தின் 58 கிலோமீட்டர் போல யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளும் எண்ணை இந்தச் சாலையின் எந்தப் பலகையிலும் நான் காணவில்லை.

இனி

2019 மார்ச்சில் இராமேசுவரம் - தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அத்திட்டம் முன்னேறவில்லை, அது நல்லதே. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலம், 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி செங்குத்தாக மேலெழும் அமைப்போடு, பழைய பாலத்தோடு நின்றுபோன ரயிலைத் தீவுக்கு மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. ரயிலில் வருபவர் காரில்லாமல் வருகிறார். முனைக்கான பயணத்தைப் பேருந்துக்கு மாற்ற இதைவிட நல்ல தருணம் வராது. தனிவண்டிகளை முகுந்தராயர் சத்திரத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து குறித்த நேரத்துக்குக் குறித்த எண்ணிக்கையில் பேருந்து விடலாம். மீனவர்களின் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் விலக்கு. பழைய வேன்காரர்களின் பிள்ளைகளே அந்தப் பேருந்துகளை ஓட்டலாம். இதே மாவட்டத்தின் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடும் வேலையை வனத்துறை ஊராரோடு சேர்ந்துதான் நடத்துகிறது. தனுஷ்கோடிக்கு முன்மாதிரியை வெளியூரில் தேட வேண்டியதில்லை.

சரணாலயம் அறிவிக்கப்பட்டபின் அதற்கொரு மேலாண்மைத் திட்டம் எழுதியாக வேண்டும். சாலையை நெடுஞ்சாலைத் துறையின் விவகாரமாக ஒதுக்கிவிட்டு அந்தத் திட்டத்தை எழுதினால் பூநாரைக்கு அதனால் பயனில்லை. முனையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், ஆமைப் பருவத்தில் எந்த மணிக்கு மேல் வெளிச்சம் கூடாது, எந்தக் காற்றில் பாதை மூடும் என்ற மூன்று எண்களும் அதில் வர வேண்டும். வரும் கட்டணத்தில் எவ்வளவு அந்த மணலில் வசிப்பவர்களுக்கு என்பதையும் செப்பேட்டில் எழுதியதுபோல அதே தாளில் எழுதிவிடலாம். மூன்றாவது எண்ணுக்கான கருவி விலை அதிகமில்லை: முகுந்தராயர் சத்திரத்துத் தடுப்புக் கம்பத்தில் ஒரு காற்றுமானி, அதன் கீழே ஒரு சிவப்பு விளக்கு.